‘நாட் கிவன்’: ஒரு தேர்வுப் பத்தியை வாசித்தல்

ஜெலாப்பாங்கில் ஒரு கடைவீட்டின் மாடியில் வாரம் மூன்று மாலை ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். கீழே டயர் கடை. காற்றடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். படிக்க வருகிறவர்கள் இரண்டு வகை. அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மனுப் போட மூவெட் எழுதும் ஆறாம் படிவப் பிள்ளைகள் ஒரு வகை. வெளிநாட்டு வேலைக்காக ஐ.இ.எல்.டி.எஸ். எழுதும் தாதியர் இன்னொரு வகை. இரண்டு கூட்டத்துக்கும் பொதுவான எதிரி வாசிப்புத் தாள்.

போன வருஷம் ஒரு தாதி, இரவு வேலை முடித்துச் சரியாகத் தூங்காமல் வந்தவர், பயிற்சிப் புத்தகத்தில் ஒரு கேள்வியைக் காட்டிக் கேட்டார். ‘சார், பதிலே இல்லாத கேள்விய எதுக்குக் கேக்குறாங்க?’

அன்று வாத்தியாராக ஒரு பதில் சொல்லிச் சமாளித்துவிட்டேன். வாசகனாகப் பதில் சொல்ல இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

*

கேள்வி இருந்த இடம் கேம்பிரிட்ஜ் 2015இல் வெளியிட்ட பத்தாவது ஐ.இ.எல்.டி.எஸ். தொகுப்பு. முதல் தேர்வு, முதல் பத்தி. தலைப்பு ‘ஸ்டெப்வெல்ஸ்’. குஜராத், ராஜஸ்தான் பக்கத்துப் படிக்கிணறுகளைப் பற்றியது. மழை குறைந்த, நிலத்தடி நீர் ஆழத்தில் கிடக்கும் ஊர்களில் நீர்மட்டம் வரைக்கும் படிகளை இறக்கிக் கட்டிய கிணறுகள் அவை. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும், படிகள் மூழ்கும். கோடையில் தண்ணீர் இறங்கும், படிகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். எந்த மாதத்திலும் கடைசியாகத் தெரியும் படியில் நின்று குடத்தை முக்கலாம். எளிமையான யோசனை, அசாத்தியமான வேலை. பாட்டனில் இருக்கும் ராணி கி வாவ் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 64 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 27 மீட்டர் ஆழம். சரஸ்வதி ஆற்று வெள்ளம் கொண்டுவந்த வண்டல் மூடிப் பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்தது. 2001 குஜராத் நிலநடுக்கத்தையும் தாங்கி நின்றது.

பத்தி நன்றாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. என் மாணவர்களில் பெரும்பாலானோர் இந்தியாவின் பழைய பொறியியலைப் பற்றி ஒழுங்காக வாசித்த ஒரே எழுத்து இதுவாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட ஒன்றை வெறும் பயிற்சித்தாளாக மட்டும் பார்த்துவிட்டுப் போவது நியாயமில்லை. ஒரு சிறுகதையை வாசிப்பதுபோல இதையும் வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

இந்தத் தேர்வை எழுதாதவர்களுக்காக ஒரு விளக்கம். 60 நிமிடத்தில் மூன்று பத்திகள், 40 கேள்விகள். கேள்வி வகைகளில் ஆளைக் கவிழ்ப்பது ‘ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்’. ஒரு வாக்கியம் கொடுப்பார்கள். பத்தி சொல்வதோடு ஒத்துப்போனால் ட்ரூ. பத்தி சொல்வதற்கு எதிராக இருந்தால் ஃபால்ஸ். பத்தி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால் நாட் கிவன். உங்களுக்குத் தெரிந்தது, ஊரில் கேள்விப்பட்டது, நியாயம் என்று படுவது எதற்கும் இடமில்லை. தாளில் இருப்பது மட்டும்தான் உலகம்.

அந்தத் தாதி காட்டிய வாக்கியம் நான்காவது கேள்வி. படிக்கிணறுகளின் கற்படிகளைக் கட்டத் தொழிலாளர்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. சரியா, தவறா? விடை: நாட் கிவன்.

பத்தியில் கட்டியவர்கள் அடியோடு இல்லாமல் இல்லை. குழி தோண்டுகிறார்கள், கல் அடுக்குகிறார்கள், படி அமைக்கிறார்கள். எத்தனை பேர், யார், எவ்வளவு காலம், என்ன கூலிக்கு என்பது எதுவும் கிடையாது. நீளம் இருக்கிறது, அகலம் இருக்கிறது, ஆழம் இருக்கிறது. ஆள் கணக்கு இல்லை. கேள்வி தயாரித்தவருக்கு இது தெரியும். எது விடுபட்டிருக்கிறது என்று தேடிப் பார்த்து, அந்த ஓட்டையைக் கொண்டு ஒரு கேள்வி செய்திருக்கிறார். தொழிலாளர்கள் இங்கே மாணவனைத் தடுக்கிவிழ வைக்கும் கல்லாகப் பயன்படுகிறார்கள்.

இன்னொரு இடம் இதைவிடச் சிறியது. படிக்கிணறுகளுக்குத் தண்ணீர் எடுப்பதைத் தவிர வேறு பயன்களும் இருந்தனவா என்று இரண்டாவது கேள்வி. விடை ட்ரூ. ஊர் மக்கள் அங்கே கூடினார்கள், இளைப்பாறினார்கள், வழிபட்டார்கள் என்று ஒரு வாக்கியம் பத்தியில் வருகிறது. அதே வாக்கியத்தின் வாலில் ஒரு விதிவிலக்கு: சமூகத்தின் கடைக்கோடியில் இருந்தவர்களைத் தவிர. அவ்வளவுதான். பத்தி நிற்காமல் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது. விதிவிலக்கைப் பற்றி ஒரு கேள்வியும் கிடையாது.

மாணவர்கள் பென்சிலால் ‘கூடினார்கள்’ என்ற இடம் வரைக்கும் கோடு போட்டு நிறுத்திவிடுவார்கள். குற்றம் அவர்களுடையது அல்ல. விடை கிடைத்தவுடன் கண்ணை எடு, மிச்சத்தைப் படிக்காதே என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

தண்ணீர் பொதுவாக இருப்பதும் எல்லாருக்கும் இல்லாமல் இருப்பதும் தமிழ் வாசகனுக்கு விளக்க வேண்டிய சங்கதி அல்ல. 1927இல் மகாடில் அம்பேத்கர் ஒரு பொதுக்குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தது போராட்டமாக ஆனது. படியை வெட்டியவர்களும் படியில் இறங்க முடியாதவர்களும் ஒரே ஆட்களா? பத்தியை எத்தனை முறை புரட்டினாலும் விடை ஒன்றுதான். நாட் கிவன்.

*

இனி சொற்கள். இந்தத் தேர்வுக்குப் படிக்கிறவன் சொல் பட்டியல்களோடு வாழ வேண்டும். அவற்றில் பெரிய பெயர் பெற்றது நியூசிலாந்தைச் சேர்ந்த ஆவ்ரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விப்புலச் சொற்பட்டியல். கலை, வணிகம், சட்டம், அறிவியல் என நான்கு துறைகளின் எழுத்திலிருந்து 35 லட்சம் சொற்களைத் திரட்டி, அவற்றில் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களைப் பிரித்தெடுத்தார். மிக அதிகம் வரும் 60 சொற்குடும்பங்கள் முதல் உட்பட்டியலில் உள்ளன. ‘ஸ்ட்ரக்சர்’ அங்கே இருக்கிறது. ‘லேபர்’ என்ற சொல்லும் அங்கேதான் இருக்கிறது. பல்கலைக்கழக எழுத்தில் தவிர்க்கவே முடியாத சொல் அது. ஆனால் லேபர் என்ற சொல்லைத் தெரிந்துகொள்வதும் லேபர் யார் என்று தெரிந்துகொள்வதும் ஒன்றல்ல.

பழங்காலப் பொறியியல் பத்திகளில் வரும் அக்விடக்ட், ரெசர்வாயர், செடிமென்ட், ஸ்லூஸ் போன்றவை துறைச் சொற்கள். ஒரு நாள் ‘ஸ்லூஸ்’ வந்தது.

‘ஸ்லூஸ்னா என்னா சார்?’

‘மதகு’ என்றேன். வகுப்பு அப்படியே பார்த்தது. ஏரியும் இல்லாமல் மதகும் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள். அணை என்றால்கூட இவர்களுக்கு எம்பாங்கான்தான். மலாய்ச் சொல் முதலில் வாயில் வரும், தமிழ்ச் சொல் யோசித்தால்தான் வரும். கொஞ்ச நேரம் விட்டு, ‘பாலோங் தெரியுமா?’ என்று கேட்டேன். பின் வரிசையில் ஒரு பையன் நிமிர்ந்தான். ‘எங்க தாத்தா சொல்லுவாரு சார். லம்போங்குல வேல பாத்தாரு.’

என் தாத்தாவும் அப்படித்தான். தோட்டத் துண்டாடல் காலத்தில் ரப்பர் தோட்டத்திலிருந்து கிளம்பி, கிந்தா பள்ளத்தாக்கில் ஓர் ஈயச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். பாலோங் என்பது உயரமான மரக்கால்கள் மேல் சாய்வாக நீளும் பலகை வாய்க்கால். குழிக்குள் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைப்பார்கள். அந்தச் சேற்றை பம்பு மேலே ஏற்றும். சரிவில் சேறு ஓடிவரும்போது கனமான ஈயமணல் குறுக்குச் சட்டங்களில் தங்கிவிடும், லேசான மணல் கழிந்து போகும். 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்த பிறகு பாலோங்குகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. மிச்சம் இருப்பது ஈயக்குட்டைகள். ஈப்போவைச் சுற்றி எங்கே போனாலும் ஒன்றைப் பார்க்கலாம்.

ஆங்கிலத்தில் ஸ்லூஸ் என்ற ஒரே சொல் தண்ணீரைத் தடுத்துத் திறக்கும் மதகையும் குறிக்கும், தாது கழுவும் வாய்க்காலையும் குறிக்கும். பையன்கள் பாலோங் வழியாக அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குத்தான் உறுத்தியது. மதகு என்ற தமிழ்ச் சொல்லை நான் தெரிந்துகொண்டதே, மூவெட்டுக்குப் படிக்கும்போது ஸ்லூஸ் என்பதற்கு அகராதியில் பொருள் தேடியபோதுதான். தாத்தாவின் வாயில் அது வந்து நான் கேட்டதில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று இப்போது நினைக்கிறேன். மதகு காவிரிக்கரைக்காரனின் சொல், பாலோங் கிந்தாக்காரனின் சொல். இரண்டும் தண்ணீரோடு வேலை செய்தவர்களின் சொற்கள்தான்.

ஆங்கிலமும் இப்படி வாங்கிக்கொண்டதுதான். நம் ‘அணைக்கட்டு’ ஆங்கில அகராதியில் ‘அனிகட்’ என்று இருக்கிறது. தமிழ்நாட்டு ஆறுகளில் வேலை செய்த வெள்ளைக்காரப் பொறியாளர்கள் கொண்டுபோன சொல். கல்லணைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘கிராண்ட் அனிகட்’. என் மாணவர்கள் இதைக் கேட்டால் ஒரு நிமிடம் குஷியாவார்கள். அடுத்த நிமிடம் ‘இது பரீட்சையில வருமா சார்?’ என்பார்கள்.

*

இரண்டாவது பத்தி ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கேம்பிரிட்ஜின் ஏழாவது தொகுப்பில், 2009இல் வந்தது. எகிப்தின் பிரமிடுகளைப் பற்றியது. பெரிய கற்களை ஆயிரக்கணக்கான அடிமைகள் இழுத்தார்கள் என்ற பழைய நம்பிக்கையில் தொடங்கி, கற்களைக் காற்றாடி கட்டித் தூக்கியிருக்கலாம் என்ற அமெரிக்கப் பெண்மணி ஒருவரின் யோசனைக்குப் போகிறது. 2001இல் கலிபோர்னியப் பாலைவனத்தில் சோதித்துப் பார்த்தார்கள். 3 டன்னுக்கு மேல் எடையுள்ள கல் தூண் ஒன்று காற்றாடியின் இழுப்பில் நிமிர்ந்து நின்றது.

சுவாரஸ்யமான பத்தி, மாணவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் கதையின் போக்கைக் கவனியுங்கள். முதல் பத்தியில் ஆட்களின் கணக்கு விடுபட்டது. இதில் ஆட்களின் இடத்துக்கே காற்று வந்துவிடுகிறது.

பத்தி அச்சாகி நான்கு வருஷத்தில், 2013இல், பியேர் தாலே என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் பப்பிரஸ் ஏடுகளைக் கண்டெடுத்தது. இதுவரை கிடைத்த எழுத்துள்ள பப்பிரஸ்களில் ஆகப் பழையவை அவை. பெரிய பிரமிடைக் கட்டிய குஃபு மன்னனின் காலத்தைச் சேர்ந்தவை. அவற்றில் மெரெர் என்ற மேற்பார்வையாளர் ஒருவரின் நாட்குறிப்பு இருக்கிறது. தன் குழுவோடு துரா கல்குவாரியிலிருந்து சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றி கீசாவுக்குக் கொண்டுபோனதை நாள் நாளாக எழுதி வைத்திருக்கிறார். கூடவே உணவு வந்து சேர்ந்த கணக்கு. நம் தோட்ட பாஷையில் சொன்னால் மெரெர் ஒரு மண்டோர், அவர் எழுதியது செக்ரோல்.

4500 வருஷம் நாட் கிவனாக இருந்தது ஒரு நாள் கிவன் ஆகிவிட்டது. நாட் கிவனும் ஃபால்ஸும் ஒன்றல்ல என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்துவேன். அதன் முழு அர்த்தம் எனக்கே உறைத்தது இந்த இடத்தில்தான்.

*

இதை எழுதும்போது ஒரு சௌகரியமான வழி இருக்கிறது. வெள்ளைக்காரன் பத்தியில் தொழிலாளி இல்லை, நம் மரபில் உண்டு என்று சொல்லி முடித்துவிடலாம். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அது உண்மையல்ல.

கல்விப்புல ஆங்கிலத்தின் பழக்கம் செயப்பாட்டுவினை. கிணறு கட்டப்பட்டது, கல் வெட்டப்பட்டது. யார் என்று சொல்லாமலே வாக்கியம் முழுமையாகிவிடும். நாம் அப்படி எழுதுவதில்லை. நாம் செய்வினையில் எழுதுவோம்: கரிகாலன் கல்லணையைக் கட்டினான், ராஜராஜன் பெரிய கோயிலைக் கட்டினான். ஆங்கிலத்தில் ஆள் மறைகிறான், தமிழில் ஆள் மாறுகிறான். எது பெரிய பொய்? ஆங்கில வாக்கியத்துக்கு நாட் கிவன் என்று விடை எழுதலாம். நம் வாக்கியத்துக்கு அதுவும் முடியாது. இடம் காலியாக இருக்கிறது என்பதே தெரியாதபடி அதில் ஒரு ராஜா உட்கார்ந்திருக்கிறார்.

வாட்ஸ்அப்பில் எனக்கு வரும் ‘தமிழன் பொறியியல்’ செய்திகள் எல்லாம் இந்த வாக்கிய அமைப்பில்தான் இருக்கின்றன. அவற்றை எழுதுகிறவர்கள் என் வகுப்பில் நான்கு நாள் உட்கார்ந்து ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன் பழகினால் நல்லது. பாதிக்கு மேல் நாட் கிவன் ஆகிவிடும்.

கல்லணை விஷயத்தில் வேலை செய்தவர்களின் நினைவு இன்னொரு பக்கத்தில் தங்கியிருக்கிறது. சோழ அரசன் ஒருவன் 12,000 பேரைச் சிறைபிடித்துக் கொண்டுபோய்க் காவிரியில் வேலை வாங்கினான் என்றும், கஜபாகு மன்னன் போய் அவர்களை மீட்டு வந்தான் என்றும் இலங்கையின் சிங்கள மரபு சொல்கிறது. ராஜாவலிய என்ற நூலில் அந்தக் கதை இருக்கிறது. இது ஐதீகம், நிரூபணம் அல்ல. இருந்தாலும் நாம் அரசனின் பெருமையாக வைத்திருக்கும் ஒன்றை, பிடிபட்டவர்களின் பக்கத்து ஆட்கள் தங்கள் துயரமாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

உத்திரமேரூர் கல்வெட்டும் அப்படித்தான். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டியது. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஒரு வாரியம், அதற்குக் குடவோலையில் தேர்தல். நாம் ஜனநாயகம் என்று கொண்டாடும் கல்வெட்டு. குடத்தில் பெயர் விழ வேண்டுமென்றால் வரி கட்டும் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும். ஏரிக்கரைக்கு மண் சுமந்தவனுக்கு இவை இருந்திருக்குமா? குஜராத் கிணற்றுப் பத்தியின் வாலில் தொங்கிய விதிவிலக்கு இங்கே கல்லிலேயே இருக்கிறது.

ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனால் விஷயம் கொஞ்சம் மாறுகிறது. 1010இல் முடிந்த அந்தக் கோயிலின் கல்வெட்டில் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் என்று தலைமைத் தச்சனின் பெயர் இருக்கிறது. கோயில் வேலைக்குக் கொண்டுவரப்பட்ட 400 ஆடல் பெண்களின் பெயர்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்ற விவரத்தோடு இருக்கின்றன. ஏன் இத்தனை துல்லியம்? ஒவ்வொருவருக்கும் பங்கு நெல் அளக்க வேண்டும். மெரெரின் ஏட்டிலும் அதே சங்கதிதான், கணக்கு. கூலி கொடுக்க வேண்டிய இடத்தில் பெயர் எழுதப்படுகிறது. புகழ் பாட வேண்டிய இடத்தில் ராஜாவின் பெயர் போதும்.

பழைய பொறியியலில் வேலை செய்தவனைத் தேடுகிறவன் காவியத்தைவிடக் கணக்குப் புத்தகத்தை நம்பலாம் என்பது என் முடிவு. நம் இலக்கியவாதிகளுக்கு இது பிடிக்காமல் போகலாம்.

*

இதுவரை எழுதியதை வைத்து அந்தத் தேர்வை நான் வெறுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். தேர்வுப் பத்திக்கு அதற்கான நெருக்கடி உண்டு. ஒரு கேள்விக்கு ஒரே விடைதான் இருக்க வேண்டும். 27 மீட்டர் என்றால் சண்டை வராது. யார் தோண்டினார்கள், எந்தச் சாதி, என்ன கூலி என்று ஆரம்பித்தால் ஒரு விடையில் நிற்காது. அதனால் அளவுகள் தங்கிவிடுகின்றன, ஆட்கள் கழிந்து போகிறார்கள். பாலோங்கும் அப்படித்தானே வேலை செய்தது. சட்டத்தில் எது தங்க வேண்டும் என்று முடிவு செய்தவனுக்கு மற்றதெல்லாம் கழிவு மணல்.

ஆனால் அதே தேர்வு எனக்குக் கொடுத்த நல்ல விஷயமும் உண்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு தனிக் கட்டம். இல்லை என்பது வேறு, சொல்லப்படவில்லை என்பது வேறு. தோட்டத்து வம்சாவளியில் வந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல. ஜெலாப்பாங் தாண்டிக் கோலகங்சார் பக்கம் ஏறினால் நெடுஞ்சாலை மலையைக் குடைந்து மெனோரா சுரங்கத்துக்குள் போகும். இந்த மாநிலத்தின் சாலை, தண்டவாளம், தோட்டம், சுரங்கம் எதைப் பற்றிப் பேசினாலும் ‘உங்க ஆளுங்க என்ன செஞ்சாங்க?’ என்று ஒருத்தர் கேட்பார். நம்மிடம் காட்டத் தாள் இருக்காது. தாள் இல்லை என்பதால் விடை ஃபால்ஸ் ஆகிவிடாது. காலையில் பெரட்டுக்கு நின்றவர்களின் பெயர் செக்ரோலில் ஏறித்தானே கூலி வந்தது. எழுதப்பட்டது. எங்கோ இருக்கிறது, அல்லது கரையான் தின்றுவிட்டது.

அந்தத் தாதி இரண்டாவது முயற்சியில் வேண்டிய மதிப்பெண் வாங்கி அயர்லாந்து போய்விட்டார். போவதற்கு முன்பு நன்றி சொல்ல வந்தபோது, அவர் கேட்ட கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை என்றேன். ‘எந்தக் கேள்வி சார்?’ என்றார். மறந்துவிட்டிருந்தார். அப்படி மறந்தால்தான் பாஸாக முடியும்.

இந்த வருஷப் பிள்ளைகளுக்கும் அதே பத்தியைத்தான் கொடுக்கிறேன். நான்காவது கேள்விக்கு விடை எழுதிய பிறகு, பென்சிலைக் கீழே வைக்கச் சொல்லி, அந்த விதிவிலக்கு இருக்கும் வாக்கியத்தை முழுக்க ஒருமுறை சத்தமாக வாசிக்கச் சொல்கிறேன். இரண்டு நிமிடம் போகும். 60 நிமிடத் தேர்வில் அது பெரிய செலவுதான்.

வீட்டில் அப்பாவின் பழைய பிறப்புப் பத்திரம் இருக்கிறது. தகப்பன் தொழில் என்ற இடத்தில் தாத்தாவைப் பற்றி ஒரே ஆங்கிலச் சொல்: லேபரர். காக்ஸ்ஹெட் பட்டியலின் முதல் உட்பட்டியலில் உள்ள சொற்குடும்பம். எந்தத் தோட்டம், எத்தனை வருஷம், என்ன சம்பளம் என்று கேட்டால் விடை எனக்குத் தெரியும். போன மாதம் தைப்பிங் பக்கம் ஒரு பழைய கிராணி வீட்டில் பெட்டி நிறைய செக்ரோல் கிடப்பதாக யாரோ சொன்னார்கள். பள்ளி விடுமுறையில் போய்ப் பார்க்க வேண்டும்.